கிள்ளானுக்கு ஒரு சொனாட்டா

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் ரசம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிடும். அப்படி வந்த செய்திதான் இது: பியானோ வாசிக்கிற சீதாலெட்சுமி, கிள்ளானில் ஒரு மன்றத்து மேடையில், தமக்குப் போர்த்திய பொன்னாடையைக் காலால் உதைத்துவிட்டாராம்.

செராஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் பொன்னாடை கிழிந்திருந்தது. தெலுக் பங்லிமா காராங்கில் கேட்டவர்களுக்கோ, உதை விழுந்தது பொன்னாடைக்கு மட்டுமல்ல, அதைப் போர்த்திய மன்றத் தலைவர் கன்னையாவுக்கும்தான். கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார். ஒரு வாட்ஸ்அப் புலனக் குழுவில் அவர் நலம்பெறக் கூட்டுப் பிரார்த்தனைக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

விசாரிக்கப் போனால், கன்னையா தமது டயர் கடை வாசலில் குந்தி உட்கார்ந்து ஒரு லோரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். முறிந்த கால் அப்படிக் குந்தாது. பிரார்த்தனை விவரத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எந்தக் கோயில், எத்தனை மணிக்கு, தாமும் வரலாமா என்று கேட்டார். உதை விஷயத்துக்கு வந்தபோது மட்டும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "உதைச்சது உண்மைதான் பாஸ். ஆனா தப்பு நம்ம மேலதான்" என்றார்.

வதந்தி என்றால் பாதியாவது பொய்யாக இருக்க வேண்டும் என்பது மரபு. உண்மை என்று தெரிந்துவிட்டால் அதில் சுவை போய்விடும். ஆனாலும் விசாரித்த பாவத்துக்கு முழுக் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சீதாலெட்சுமிக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்தைப் பார்த்த ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒரு கிராண்டு பியானோவோடு குடியிருக்கிறார். ஹால் பியானோவுக்கு, ஓர் அறை அவருக்கு. தொழில், மேற்கத்திய சாஸ்திரிய இசைக் கச்சேரி. "ஓ, கீபோர்டா?" என்று கேட்பவர்களிடம் ஆரம்பத்தில் விளக்கம் சொன்னார். பிறகு சில வருடம் சிரித்தார். இப்போதெல்லாம் "ஆமா" என்று முடித்துவிடுகிறார். "சினிமாப் பாட்டு வருமா?" என்பது எப்போதும் அடுத்த கேள்வி. அதற்கும் பதில் தயார்: "வரும். நான்தான் கூப்பிடறதில்ல."

பிறந்து வளர்ந்தது கிள்ளானில். அப்பா ராஜன் வீட்டுச் சாமான் ஏற்றும் லோரி ஓட்டியவர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு சீனக் குடும்பம், எங்கேயாவது போட்டுவிடு என்று சொல்லி ஒரு பழைய பியானோவை அவருடைய லோரியில் ஏற்றிவிட்டுப் போனது. ராஜனுக்கு எதையும் எங்கேயாவது போட்டுப் பழக்கமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசல் வழியாக நுழையவில்லை. சன்னல் கம்பியை அறுத்து உள்ளே இறக்கினார்கள். எட்டிப் பார்த்த குடியிருப்புத் தாமான்காரர்களில் பாதிப்பேர், ராஜன் பெரிய பிரிட்ஜ் வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அம்மா புஷ்பவல்லி அந்தப் பியானோவுக்கு விபூதியிட்டுப் பொட்டு வைத்தார். மேலே தட்டையாக இடம் இருக்கவே சாமி படங்களையும் அடுக்கிவிட்டார். பலமாக வாசித்தால் முருகன் ஆடுவார். சமையலறையிலிருந்து "மெதுவாடி" என்று குரல் வரும். சீதாலெட்சுமியின் விரல்களில் உள்ள மென்மையைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு சிங்கப்பூர்ப் பத்திரிகை பத்தி பத்தியாக எழுதியது. முருகனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

வாசிக்கக் கற்றது பக்கத்து தேவாலயத்தில் நடந்த வாராந்தர வகுப்பில். பிரச்சினை கற்பதில் இல்லை. வீட்டில் ஓர் உருப்படியைக் கடைசிவரை வாசிப்பதில்தான். ஹாலில் பியானோ இருந்தால் ஹாலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சங்கீதத்துக்குக் குறுக்கேதான் வருவார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருவார்கள், போன் பேச வருவார்கள், ஒன்றுமில்லாவிட்டால் பிரிட்ஜைப் பார்க்க வருவார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் நிறுத்த வேண்டும். தெருவில் சாவு விழுந்தால் காரியம் முடியும்வரை மூடி வைக்க வேண்டும். சரஸ்வதி பூஜை என்றால் கட்டைகளின் மேலேயே சந்தனம். அது காய்ந்து உள்ளே இறங்கி, இரண்டு கட்டைகள் பொங்கல்வரை எழுந்திருக்காது. "நிறுத்துடி, ஆள் வந்திருக்கு" என்று வந்து சொல்லும் பொறுப்பு அக்கா மலருக்கு. மலர் அந்தக் கடமையில் ஒருநாளும் தவறியதில்லை.

ஆகவே சீதாலெட்சுமி ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த உருப்படியையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பயிற்சி செய்வார். முடிவைப் படித்து வைத்துக்கொண்டால் யார் வந்தாலும் முடிவு கையில் இருக்கும். பிறகு அதற்கு முந்தைய பக்கம், அதற்கும் முந்தையது. உதவித்தொகை பெற்று இங்கிலாந்துக்குப் படிக்கப் போனபோது அங்கிருந்தவர்கள் இதை ஏதோ உயர்ந்த பயிற்சிமுறை என்று எண்ணி, எந்த ஆசிரியரின் மரபு என்று மரியாதையாக விசாரித்தார்கள். எங்கள் வீட்டு மரபு என்று அவரும் மரியாதையாகச் சொன்னார்.

திரும்பி வந்த நாளிலிருந்து வாசிப்புத்தான். நோட்டீசுகளில் "உலகப் புகழ்" என்று போடுவார்கள். உலகம் என்பது சிங்கப்பூர், பாங்காக், ஒருமுறை ஹோபார்ட், ஒருமுறை போலந்தில் மழை ஒழுகிய ஒரு மண்டபம். பெரிய வாத்தியக் குழுவோடு கோலாலம்பூரில் வாசித்ததும் உண்டு. மற்ற நாட்களில், வயலின் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பக்கவாத்தியம். பிள்ளை பதற்றத்தில் இரண்டு வரியைத் தாண்டிக் குதித்தால், பரீட்சகருக்குத் தெரியாமல் இவரும் கூடவே குதிக்க வேண்டும். அந்தக் கலையில் அவரை மிஞ்ச இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆளில்லை என்கிறார்கள். புக்கிட் பிந்தாங் ஹோட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் கொஞ்ச காலம் வாசித்தார். பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நடுவில் இவ்வளவு பெரிய கலைஞரா என்று நண்பர்கள் வருந்தினார்கள். அவருக்கு அது சொர்க்கமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, ஆனால் யாரும் நிறுத்தவும் இல்லை.

ஒரு கல்யாணப் பேச்சும் வந்தது. மாப்பிள்ளை பல் டாக்டர், தங்கமான பையன். பெண் பார்க்க வந்தவர்கள் ஏதாவது வாசிக்கச் சொன்னார்கள். அவர் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா, "போதும்மா, எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். சீதாலெட்சுமிக்குப் பிடிக்காமல் போனது அந்த நொடியில்தான். அந்த டாக்டரைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. பல் வலித்தால் அவரிடம்தான் போகிறார்.

இத்தனை ஊரில் வாசித்தவர் கிள்ளானில் மட்டும் கச்சேரி செய்ததில்லை. மலர் அங்கே லிட்டில் இந்தியாவில் மாலைக் கடை வைத்திருக்கிறார். தங்கையின் கச்சேரிக்காகக் கோலாலம்பூருக்கு இரண்டு தடவை வந்திருக்கிறார். முதல் தடவை கொமுட்டர் ரயில் தாமதம். கதவைச் சாத்திவிட்டார்கள், இடைவேளைக்குப் பிறகுதான் உள்ளே விட்டார்கள். இரண்டாம் தடவை நேரத்தோடு வந்தார், ஆனால் நடுவில் மணமாலை கேட்டு போன் வந்து எழுந்து போனார். அந்த வருத்தத்தைத் தங்கை மேலேயே போட்டுவிடுவது அவருடைய வழக்கம்.

"ஊருக்கெல்லாம் முழு மாலை கட்டிக் குடுக்குற" என்றார் ஒருநாள், நார் கிழித்துக்கொண்டே. "எங்களுக்கு மட்டும் உதிரிப்பூ."

அந்த வார்த்தை சீதாலெட்சுமிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கணக்குப் பார்த்தால் உண்மைதான். போலந்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்நியர்கள் கடைசிவரை கேட்டார்கள்; கூடப் பிறந்தவள் கேட்டதில்லை. கிள்ளானில் ஒரு சொனாட்டா, மூன்று பகுதியும், முதலிலிருந்து கடைசிவரை, மலர் முன் வரிசையில் இருக்க வாசித்துவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளவில்லை.

கன்னையாவின் மன்றத்துக்கு ஆண்டுவிழா வந்தது. அதில் வாசிக்கிறேன் என்று சீதாலெட்சுமி தாமே போய்க் கேட்டார். கன்னையாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே நிகழ்ச்சி நிரல் போட்டார்: வரவேற்புரை, பியானோ, அதிர்ஷ்டக் குலுக்கு, பியானோ, தொகுதிப் பிரதிநிதி ஒய்.பி.யின் உரை, பியானோ. மூன்று பகுதி என்றதும் அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். சீதாலெட்சுமி டயர் கடையில் ஒரு டயர் மேலேயே உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்: மூன்றும் ஒன்றுதான், நடுவில் கொஞ்சம் நிற்கும், அது முடிவு இல்லை, மூச்சு.

"புரியுது தங்கச்சி. நடுவுல கைதட்டக்கூடாது."

"தட்டட்டும்ணே, பரவாயில்ல. மேடைக்கு மட்டும் யாரும் வரக்கூடாது. பொன்னாடை, மாலை, போட்டோ எதுவா இருந்தாலும் முடிஞ்ச பிறகுதான்."

"முடிஞ்சதுன்னு எங்களுக்கு எப்படிலா தெரியும்?"

"நான் எழுந்திரிப்பேன். நான் எழுந்திரிக்கிற வரைக்கும் யாரும் அசையக்கூடாது."

கன்னையா அதை மந்திரம்போல் பிடித்துக்கொண்டார். அறிவிப்பாளர், நாதஸ்வரக் குழு, தொண்டர்கள், சமையல்காரர்கள், பியானோவை வாடகைக்குக் கொண்டுவந்த லோரிக்காரர்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய், "அவங்க உட்கார்ந்திருந்தா அசையாதே, எழுந்தா உடனே" என்று சொல்லி வைத்தார். மன்றங்களின் வரலாற்றில் ஓர் உத்தரவு இவ்வளவு சுத்தமாக நிறைவேறியது அந்த ஒரு நாளில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மண்டபம் நிறைந்துவிட்டது. ஒய்.பி. நேரத்துக்கு வந்து எல்லாரையும் கலங்கடித்தார். மேடைப் பதாகையில், சொனாட்டாவை எழுதிய வியன்னாக்காரரின் பெயருக்கு முன்னால் மறக்காமல் "அமரர்" என்று போட்டிருந்தார்கள். அவர் இறந்து இருநூறு வருடம் ஆகிறது. இருந்தாலும் மரியாதை மரியாதைதான். முன் வரிசையில் மலர், மடியில் தம் கையாலேயே கட்டிய மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் பகுதி முடிந்தது. கைதட்டினார்கள். யாரும் அசையவில்லை. கன்னையா மேடைப் படியில் போக்குவரத்துப் போலீஸ்போல் கையை விரித்து நின்றார்.

இரண்டாம் பகுதி மெதுவானது. அதில் விரல்களைவிட மௌனத்துக்கு வேலை அதிகம். வாசிக்க வாசிக்க, பின் வரிசையில் முறுக்குப் பொட்டலம் பிரிக்கும் சத்தம் நின்றது. விசிறி சுற்றும் ஒலி மட்டும் கேட்டது. கிள்ளானுக்கு இப்படிச் சும்மா இருக்கத் தெரியும் என்பதே சீதாலெட்சுமிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். மலர் கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, சின்னப் பிள்ளைபோல் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றுதான். ஒரு குவளைத் தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் பகுதி.

பியானோவோடு வந்த வாடகைப் பெஞ்சு வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டாம் பகுதி முடிவதற்குள் பியானோவை விட்டுக் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. மூன்றாம் பகுதி வேகமானது. அதை எட்டி எட்டி வாசிக்க முடியாது. எல்லா ஊரிலும் எல்லாப் பியானோக்காரர்களும் செய்வதைத்தான் அவரும் செய்தார். இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்து, முன்னால் இழுப்பதற்காக ஒரு சாண் உயரம் எழுந்தார்.

எழுந்தார்.

முதலில் பாய்ந்தது கன்னையா இல்லை, மலர். மேடைக்கு ஓடிவந்து, பாதி எழுந்தும் பாதி உட்கார்ந்தும் இருந்த தங்கையின் கழுத்தில் மாலையைப் போட்டார். அதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. அறிவிப்பாளர் "இசைப் பேரரசி" என்றார். கன்னையா பொன்னாடையை விரித்துப் போர்த்தினார். ஒய்.பி. சட்டையைச் சரிசெய்துகொண்டு படியேறினார்.

உடனே உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று சீதாலெட்சுமி நினைத்தார். உட்கார்ந்தார், மூன்றாம் பகுதியைத் தொடங்கினார். பொன்னாடை தோளிலிருந்து வழுக்கி, முழங்கால் வழியாக இறங்கி, பெடலில் போய்ச் சுற்றிக்கொண்டது. கால் பெடலைத் தேடியது, சரிகைதான் அகப்பட்டது. கை ஓடும்போது காலைப் பார்க்க நேரம் ஏது? ஒரு தள்ளு தள்ளினார். போகவில்லை. அடுத்ததாக உதைத்தார். பொன்னாடையை எடுக்கக் குனிந்த கன்னையாவின் கைக்கடிகாரத்தில் அந்த உதை பட்டது. மருத்துவமனை, எலும்பு, பிரார்த்தனை எல்லாம் முளைத்த இடம் அதுதான்.

பியானோவும் தவிலும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை. சில வரிகளோடு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. போட்டோ எடுத்தார்கள். ஒய்.பி. பியானோவின் கறுப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்து இன ஒற்றுமை பற்றி நெடுநேரம் பேசினார். மாலையும் கழுத்துமாக நின்ற சீதாலெட்சுமிக்குள், ஹாலில் பியானோ வைத்திருந்த பழைய சிறுமி, ஆள் வந்திருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

மலர் அருகே வந்து காதோரம், "முழுசாக் கேட்டுட்டேன்டி" என்றார். கண் கலங்கியிருந்தது.

சீதாலெட்சுமி தலையை மட்டும் ஆட்டினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கீழே விருந்தில் அவர் சோற்றை அளைந்துகொண்டிருந்ததைக் கன்னையா பார்த்துவிட்டார். பொன்னாடை நிறம் பிடிக்கவில்லையா என்று கேட்டார். விடாமல் கேட்டார். கடைசியில் சீதாலெட்சுமி மெல்லச் சொன்னார்: பெஞ்சை இழுக்கத்தான் எழுந்தேன்.

கன்னையா கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்தார். பிறகு எழுந்து, சாம்பார்க் கையோடு ஒலிவாங்கியைப் பிடித்து, தப்பு மன்றத்தின் மேல், இன்னும் ஒரு பகுதி இருக்கிறது, யாரும் வீட்டுக்குப் போய்விட வேண்டாம் என்று அறிவித்தார். அதிசயம், ஒருவரும் போகவில்லை. பாயசத்தைக் கோப்பையோடு எடுத்துக்கொண்டு முழுப் பந்தியும் மாடியேறியது.

மேடையில் பதாகை இருந்தது. உதிர்ந்த பூ இருந்தது. பியானோ இல்லை. எழுந்தா உடனே என்ற உத்தரவு லோரிக்காரர்களுக்கும் போயிருந்தது. ஒய்.பி. இறங்கியதும் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் செராஸில் ஏதோ கல்யாணமாம். போன் போட்டால், நெடுஞ்சாலையில் ஏறியாச்சு பாஸ், திரும்ப முடியாது என்று பதில் வந்தது.

மண்டபத்து விளக்கின் கீழே மலர் தங்கையைப் பார்த்தார்.

"அப்ப நான் கேட்டது?"

"ரெண்டு."

"மிச்சம்?"

"ஒண்ணு."

மலர் உதிர்ந்த பூ ஒன்றைக் குனிந்து எடுத்தார். "நான்தான் முதல்ல ஓடி வந்தேன்."

"நான் எழுந்தேன், நீ வந்த. சொன்னபடிதான் நடந்துச்சு, விடுக்கா" என்றார் சீதாலெட்சுமி. பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். கன்னையாதான் சிரிக்கவில்லை.

விசாரித்தவரையில் நடந்தது இவ்வளவுதான். இப்போது பிரச்சினை வேறு. லிட்டில் இந்தியாவில் சீதாலெட்சுமி எங்கே போனாலும், "மூணாவது எப்பக்கா?" என்று கேட்கிறார்கள். துணிக்கடையில் கேட்கிறார்கள், மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். சொனாட்டா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக்கூட அதில் ஒன்று பாக்கி என்பது தெரிந்திருக்கிறது. அந்தப் பாக்கி எவ்வளவு என்பதில்தான் தகராறு.

இரண்டு வாங்கியாகிவிட்டது, மீதி ஒன்றைக் கொடுத்தால் போதும் என்பது கன்னையாவின் கட்சி. மலரும் அவர் பக்கம். நன்றாகக் கேட்ட இரண்டை மறுபடியும் எதற்குக் கேட்பது என்கிறார். துண்டாகக் கொடுக்க முடியாது, மூன்றாவதுக்குத் தனியாக உயிர் கிடையாது, முதலிலிருந்துதான் என்பது சீதாலெட்சுமியின் நிலை. மண்டபம் காலியாக இருக்கும் நாளில் அவருக்கு வெளியூர்க் கச்சேரி. அவர் சும்மா இருக்கும் நாளில் மண்டபத்தில் கல்யாணம்.

போன வாரம் கன்னையா பேச்சுவார்த்தைக்குப் பிரிக்பீல்ட்ஸுக்கே வந்துவிட்டார். முதலாவது வேண்டாம், இரண்டாவதில் பாதி, மூன்றாவது முழுசு, அதோடு கணக்கு நேர் என்றார். எந்தப் பாதி என்று சீதாலெட்சுமி கேட்டார். முன் பாதியில் எல்லாரும் முறுக்குத் தின்றுகொண்டிருந்ததால் அதையே கொடுத்துவிடலாம் என்றார் கன்னையா. யோசிக்கிறேன் என்று சீதாலெட்சுமி சொல்லி அனுப்பியிருக்கிறார்.